அதிசயத்தைச் சலித்த தோட்டம்

பெரிய கிளாக்கரின் மகன் பொய் எழுதியிருக்கிறார்.

வயதாகிவிட்டது, மறந்திருப்பார் என்று என்னிடம் சிலர் சமாதானம் சொன்னார்கள். மறதி இல்லை, பொய். நம் சங்கத்து மலரின் போன இதழில் அவர் கட்டுரையைப் படித்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தேன். நமுனுகுலை மலைச் சரிவில் இருந்த நம் பழைய தோட்டத்தில் ஒரு துரைசானி இருந்தாளாம். அவள் சொன்ன ஓர் இங்கிலீஷ் சொல்லை லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலி ஜனங்கள் தாங்களாகவே தாறுமாறாக எடுத்துக்கொண்டு, கைக்குழந்தையோடு ஒரு பெண்ணைத் தோட்டத்தை விட்டே அனுப்பிவிட்டார்களாம். "அந்தச் சொல்லின் பொருள் தெரிந்தவர் ஒருவரும் அன்று அங்கே இல்லை" என்று எழுதியிருக்கிறார். அந்நாளைய அறியாமையை நினைத்தால் சிரிப்பு வருகிறது என்றும் எழுதியிருக்கிறார்.

அந்தப் பெண் என் அம்மா. குழந்தை என் தங்கச்சி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் அந்தத் தோட்டத்தில் என்னோடு வளர்ந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்குத்தான் சொல்கிறேன். நான் சொல்வதில் தப்பு இருந்தால் நீங்கள் திருத்துங்கள்.

துரைசானி வந்து சேர்ந்த காலத்தில் ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் எல்லாம் மாட்டு வண்டிதான். அவளுடைய சாமான்கள் வண்டியில் வந்தன. அவற்றில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய அலுமாரி ஒன்று இருந்தது. வண்டிச் சாலை முடிகிற இடத்திலிருந்து பங்களா மேட்டுக்கு அதை ஆட்கள் தோளில் தூக்கிப் போனார்கள். சுற்றியிருந்த சாக்கு ஒரு பக்கம் நழுவிவிட்டது. மலையில் இறங்கிக்கொண்டிருந்த மேகம் அந்தக் கண்ணாடிக்குள்ளும் இறங்கியது. வானத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்றே நான் நினைத்தேன். கூடையோடு நின்ற பெண்கள் கொழுந்து பறிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கங்காணி அதட்டவில்லை. அவரும் வாயைத் திறந்தபடி நின்றார்.

அலுமாரி வெறுமையாக வந்தது. அதை நிரப்ப வேண்டும் என்பதுதான் துரைசானியின் ஆசை. அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. துரை விடிந்ததிலிருந்து மலையில் இருப்பார். அவளுக்குத் துணை மழையும் ஒரு கிழட்டு நாயும்தான். ஒரு நாள் காலைப் பெரட்டில், ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து முடிந்ததும், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற பெரிய கிளாக்கர் ஓர் அறிவிப்புச் செய்தார். வழக்கத்துக்கு மாறாக எது கண்ணில் பட்டாலும், செடியோ பூச்சியோ கல்லோ, ஞாயிற்றுக்கிழமை காலையில் பங்களாவின் பின் விறாந்தைக்குக் கொண்டு வரலாம். துரைசானி பார்ப்பார். பிடித்ததை வைத்துக்கொள்வார். கொண்டுவந்த ஆளுக்குக் கேக் கொடுப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் என் நினைவில் பிரிந்து நிற்கவில்லை. எல்லாம் ஒரே நீண்ட காலையாக இருக்கிறது. முன்னால் நிற்கிறவரின் முதுகு தெரியும். அவருக்கு முன்னால் நிற்கிறவர் பாதி தெரிவார். அதற்கப்பால் பனிமூட்டம். அந்த வெள்ளைக்குள்ளிருந்து கேக் வேகிற வாசம் வரும். நனைந்த கம்பளி வாசம், நாயின் வாசம், அலுமாரிக்குள் வைத்த கற்பூர வாசம் எல்லாம் அதோடு கலந்து வரும். ஒவ்வொருவரும் எதையோ பொத்திக்கொண்டு நிற்பார்கள். தன்னுடையதை அடுத்தவருக்குக் காட்ட மாட்டார்கள். வரிசை கொஞ்சம் நகரும். யாருடைய கைக்குள்ளோ ஒன்று கீச்சிடும்.

என்னவெல்லாம் வந்தது என்று இப்போதும் கண்ணை மூடினால் தெரிகிறது. மனுசன் காது மாதிரி ஒரு கல். தானே முடிச்சுப் போட்டுக்கொண்ட தேயிலை வேர். உடம்புக்குள் இருப்பதெல்லாம் வெளியே தெரிகிற தவளைக் குஞ்சு. துரைசானியின் சிவப்பு நூலையே திருடிப் போய்க் கட்டிய குருவிக்கூடு. கூட்டைக் கையில் வாங்கியபோது அவள் சிரித்த சிரிப்பில் நாய் எழுந்து குரைத்தது.

ஒரு தரம் ஆலங்கட்டி மழை பெய்தது. நான் ஒரு கட்டியைச் சேம்பு இலையில் மடித்துக்கொண்டு பங்களா மேட்டுக்கு ஓடினேன். என் முறை வந்தபோது இலையில் தண்ணீர்தான் இருந்தது. பின்னால் நின்ற ஆள், "தண்ணி மொண்டு வந்திருக்காடா, கிணத்தையே கொண்டாந்திருக்கலாம்ல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். துரைசானி சிரிக்கவில்லை. குனிந்து இலைக்குள் பார்த்தாள். விரலால் தொட்டு, அது இன்னும் குளிர்ந்திருப்பதைக் கண்டுகொண்டாள். "ஸ்ட்ரேஞ்ச்" என்று சொல்லி எனக்கும் ஒரு துண்டு கேக் கொடுத்தாள். அந்தத் துண்டை நான் தின்னாமல் வைத்திருந்து எறும்புக்குக் கொடுத்தது வேறு கதை.

எதைக் கையில் வாங்கினாலும் அவள் ஒரு சொல் சொல்வாள். ஆட் என்பாள், குவீர் என்பாள், ஸ்ட்ரேஞ்ச், கியூரியஸ், பெக்யூலியர் என்பாள். சிலதுக்கு வாய் நிறைய எக்ஸ்ட்ராடினரி என்பாள். அவளுக்குத் தமிழில் வா, போ, நல்லது தவிர ஒன்றும் தெரியாது. எங்களுக்கு அதுகூட இங்கிலீஷில் தெரியாது. பக்கத்தில் நிற்கிற சமையல்கார அப்பு சிங்களவர், பேச மாட்டார். வைக்கிறதை உள்ளே கொண்டுபோவார். வேண்டாததைக் குசினிக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் வீசுவார்.

இந்தச் சொற்கள் லயத்துக்கு இறங்கி வந்தன. அங்கே அவற்றுக்கு ஏணி வைத்தவர் என் அப்பா. ஏணியைக் கொடுத்தவர் பெரிய கிளாக்கர்.

அப்பாவுக்குத் தேயிலை ஸ்டோரில், தூள் சலிக்கிற இடத்தில் வேலை. காலையில் கறுத்த ஆளாகப் போவார், மாலையில் பழுப்பு ஆளாக வருவார். இமையில்கூடத் தூள் இருக்கும். ஒரு நாள் பெரிய கிளாக்கர் ஸ்டோருக்கு வந்தபோது அப்பா பணிவாகக் கேட்டிருக்கிறார், துரைசானி சொல்கிற சொற்களில் எது உசத்தி, எது மட்டம் என்று. கிளாக்கர் சிரித்துவிட்டு, "இதுகூடத் தெரியலையாடா? சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் பிடிக்குதோ அவ்வளவு உசத்தி" என்றாராம். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அதை அப்படியே மனசில் முடிந்துகொண்டு வந்தார்.

அன்று மாலையே லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே எக்ஸ்ட்ராடினரி. அதற்குக் கீழே பெக்யூலியர், கியூரியஸ். அப்புறம் ஸ்ட்ரேஞ்ச், குவீர். அடியிலே ஆட். அது டஸ்ட் மாதிரி, சல்லடையின் கடைசியில் விழுகிற தூள்.

வெளி ஆட்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் படும். எங்களுக்குப் படவில்லை. ஒரே செடியில் ஒரே கையால் பறித்த கொழுந்தைச் சலித்துச் சலித்து வேறு வேறு பெட்டியில் போட்டு, வேறு வேறு பேர் எழுதிக் கப்பலேற்றுவதுதான் எங்கள் பிழைப்பு. பேர் வேறானால் தரமும் வேறு. ஒரே பொருளுக்கு ஆறு பேர் வைத்துக்கொண்டு, வாய்க்கு வந்ததைச் சொல்லி விளையாடுகிற மனுசர்களும் உலகத்தில் இருப்பார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

கொஞ்ச நாள் அது பெரிய வேடிக்கையாக இருந்தது. மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தவர்கள் பையன் கியூரியஸ் என்று சொல்லிக்கொண்டார்கள். கறி தீய்ந்தால் குவீர். எங்கள் லயத்தில் குறட்டை விடுகிற ஒருவருக்கு எக்ஸ்ட்ராடினரி என்றே பேர் நிலைத்துவிட்டது. எனக்கு உப்புக்கு இங்கிலீஷ் தெரியாது, தண்ணீருக்குத் தெரியாது. வழக்கத்தில் இல்லாத எதையும் தரம் பிரித்துச் சொல்லத் தெரியும். என்னைப் போலவே உங்களுக்கும் தெரியும். கேட்டால் இன்றைக்கும் வரிசை தப்பாமல் சொல்வீர்கள்.

தங்கச்சி அடைமழையில் பிறந்தாள். லயத்தில் எங்களுக்கு இருந்த ஒற்றை அறை, எங்கள் காம்பிரா, பகலிலேயே இருட்டாகத்தான் இருக்கும். அடுப்புப் புகை மேலே போக வழியில்லாமல் கூரைத் தகரத்துக்குக் கீழே படுத்துக் கிடக்கும். மருத்துவச்சி விளக்கைக் கிட்டே கொண்டுவந்தாள். பிறகு தூர எடுத்துக்கொண்டாள். விளக்கு போன பிறகும் தங்கச்சி தெரிந்தாள். அவ்வளவு வெள்ளை. தலைமுடி, இமை, புருவம், கையில் இருந்த பூனைமுடி எல்லாம் வெள்ளை. தோலுக்கடியில் ரத்தம் ஓடுவது தெரிந்தது. கண்கள் ஓரிடத்தில் நிற்காமல் இங்கும் அங்கும் அசைந்தன, காற்றில் எதையோ தேடுகிற மாதிரி. அந்தக் காம்பிராவில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பள்ளத்தில் எறிய முடியாத ஒன்று கடைசியில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அம்மா அவளை மடியில் போட்டுக்கொண்டு விரல்களைப் பார்த்தாள், பாதத்தைப் பார்த்தாள். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. சாயம் மட்டும் ஏத்த மறந்துட்டான்" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. பால் கொடுக்கத் தொடங்கிவிட்டாள்.

இப்படிப் பிறக்கிற பிள்ளைகள் எல்லா நாட்டிலும் எல்லா ஜனத்திலும் உண்டு, தாய் தகப்பன் நிறத்துக்கும் நடத்தைக்கும் அதில் சம்பந்தமில்லை என்று பிற்காலத்தில் ஒரு டாக்டர் எனக்கு விளக்கினார். அன்று விளக்க ஆளில்லை. அதற்கு முந்தைய வருஷம் அம்மாவைக் கொஞ்ச காலம் பங்களாப் பூந்தோட்டத்தில் புல் வெட்டப் போட்டிருந்தார்கள். லயத்துக்கு அது போதுமாக இருந்தது.

பேச்சு பீலிக்கரையில் தொடங்கியது. தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், நான் பக்கத்தில் குடத்தோடு நிற்கும்போதே, ஒருத்தி அம்மாவைப் பார்த்து, "பங்களாவுல புல்லு நல்லா வெட்டுன போல இருக்கே" என்றாள். மற்றவர்கள் குனிந்துகொண்டார்கள். அம்மா குடத்தை இறக்கி வைத்தாள். முந்தானைக்குள் இருந்த குழந்தையை எடுத்து அவள் மூக்கருகே நீட்டினாள்.

"மோந்து பாரு. பங்களாவுல சோப்பு வாசம் வரும். இதுமேல என் பால் வாசம்தான் வருது."

அவள் பின்வாங்கினாள். ஆனால் பேச்சு பின்வாங்கவில்லை. குழந்தைக்குப் பேர் விட வேண்டிய நாள் வந்தது. மாரியம்மன் கோயிலில் மணி அடிக்க ஆள் வரவில்லை. பக்கத்துக் காம்பிராக்காரர்கள் நெருப்புக் கேட்டு வருவதை நிறுத்தினார்கள்.

அப்பா அம்மாவைச் சந்தேகப்படவில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அவரையும் சேர்த்துக் கேவலமாகப் பேசியவர்கள் உண்டு. தூங்குகிற குழந்தையின் தலையில் தேயிலைத் தூள் விழாமல் இருக்க, வாசலிலேயே நின்று முகம் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவார். அவர் செய்த தப்பு வேறு. லயத்து வாயை மூட அவருக்குத் தெரிந்த ஒரே வழி தரம். துரைசானி எக்ஸ்ட்ராடினரி என்று ஒரு தரம் சொல்லிவிட்டால், அப்புறம் எவனும் பேச மாட்டான் என்று நம்பினார். சனிக்கிழமை மாலை அம்மாவிடம் சொன்னார்.

அம்மா, "எம்புள்ளைய என்ன பூசணிக்காயின்னு நெனச்சியா, தூக்கிட்டுப் போயிக் காட்ட?" என்றாள். "இது யாரு புள்ளைன்னு எனக்குத் தெரியும். ஒனக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியும் புள்ள. லயத்துக்குத் தெரியணும்ல."

அம்மா எழுந்து குழந்தைக்குப் போட வெள்ளைத் துணி தேடினாள். அவளுக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மறுநாள் வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒருவர் ஒட்டிக் காய்த்த இரண்டு சுரைக்காயை வைத்திருந்தார். பின்னால் ஒருவர் காலிக் குளவிக்கூட்டைக் குச்சியில் மாட்டிப் பிடித்திருந்தார். நடுவில் அப்பா, தோளில் தங்கச்சி. அம்மா தலையில் முக்காடு போட்டு ஓரமாக நின்றாள். பனி அன்று அவ்வளவு அடர்த்தி. குழந்தையின் முடிக்கும் பனிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வழக்கமாக வராதவர்களும் அன்று வந்திருந்தார்கள், கையில் ஒன்றும் இல்லாமல்.

துரைசானி குழந்தையைக் கையில் வாங்கினாள். நின்று பார்க்கிற வழக்கமுள்ளவள் விறாந்தைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். மூடியிருந்த சின்னக் கையை விரித்துப் பார்த்தாள். வெள்ளை இமையில் மெல்ல ஊதினாள். குழந்தை முகத்தைச் சுளித்தது. துரைசானியின் கண்ணில் தண்ணீர் வந்தது. அதை அவள் துடைக்கவில்லை. அப்புறம் சொன்னாள்.

"ஆட்."

மிகவும் மெதுவாக, மறுபடியும் ஒரு தரம் சொன்னாள். ஆட்.

வரிசை அசையவில்லை, ஆனால் அந்தச் சொல் எங்களைத் தாண்டிப் பனிக்குள் பின்னோக்கிப் போவது கேட்டது. ஒவ்வொருவராக அதை அடுத்தவர் காதில் வைத்தார்கள். துரைசானி தன் கழுத்தில் சுற்றியிருந்த மெல்லிய துணியை அவிழ்த்து, வெளிச்சம் படாமல் குழந்தையின் கண்ணுக்கு மேல் சுருட்டி வைத்தாள். நெற்றியில் முத்தம் கொடுத்தாள். அப்பு தட்டில் கொண்டுவந்த கேக் முழுவதையும் அம்மாவின் முந்தானையில் கொட்டச் சொன்னாள். இவ்வளவும் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் நடந்தது. அவள் கை செய்ததை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. தரம் வாயிலிருந்துதான் வரும் என்று எங்களுக்குப் பழகிவிட்டது.

துரைசானியே மட்டம் என்றுவிட்டாள், அப்படியானால் பேச்சு மெய்தான் என்று அந்த வாரமே மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். மாலை வெளிச்சம் இன்னும் இருந்தது. பெரிய கங்காணி நடுவில் உட்கார்ந்தார். அவர் கெட்டவர் அல்ல. அவருக்கும் சந்தேகம் இருந்தது. அதனால்தான் ஆள் அனுப்பிப் பெரிய கிளாக்கரை அழைத்தார். இங்கிலீஷ் படித்தவர் சொன்னால் அதோடு முடித்துக்கொள்ளலாம் என்றார். கிளாக்கர் குடையோடு வந்தார். அவர் மகனும் கூடவே வந்து குடைக்குக் கீழே நின்றான். என் வயசுதான் அவனுக்கு.

பெரிய கங்காணி எழுந்து நின்று கேட்டார். "ஐயா, படிச்சவங்க நீங்க. துரைசானியம்மா இந்தப் புள்ளையப் பாத்துச் சொன்ன சொல்லு எங்க நிக்குது? மேலயா, கீழயா?"

கிளாக்கர் பங்களா மேட்டை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். குடையை மடக்கினார்.

"அடியிலதான் நிக்குது" என்றார்.

அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்டாள். "ஐயா, அந்தம்மா அழுதாங்களே. அதுக்கு இங்கிலீசுல என்னங்கய்யா?"

"அழுகைக்கெல்லாம் நான் அர்த்தம் சொல்ல வரல."

இதுதான் நடந்தது. இதைக் கேட்டவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். குழந்தையோடு அம்மா அப்புத்தளைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிற தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று தீர்த்தார்கள். அடித்து விரட்டவில்லை, பதமாகத்தான் சொன்னார்கள். வேறு தோட்டத்தில் வேலைக்குச் சேர வேண்டுமானால் இங்கிருந்து விலக்கிவிட்டதற்கு எழுதிக் கொடுக்கிற துண்டு வேண்டும். சாதாரணமாக அதற்கு நாள்கணக்கில் கிளாக்கர் வாசலில் நிற்க வேண்டும். அம்மாவுக்கு மறுநாள் காலையே கிடைத்தது.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். துரை சொல்லச் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். நான் பார்க்கவில்லை. துரை பேரில் லயத்தில் ஒரு பேச்சு ஓடுகிறது, அது பங்களா காதுக்குப் போனால் இவ்வளவு நாள் நீ என்ன செய்தாய் என்று கிளாக்கரைத்தான் கேட்பார்கள். பேச்சுக்குக் காரணமான பெண் இல்லாமல் போனால் பேச்சும் போய்விடும். அந்தக் குடையை மடக்குகிற நேரத்துக்குள் அவர் இதைக் கணக்குப் போட்டிருப்பார். அவ்வளவு சின்னக் காரணம்தான் என்று இப்போது தோன்றுகிறது. சின்னதாக இருப்பதால்தான் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அம்மா போன காலை எனக்கு முழுதாக ஞாபகமில்லை. கொழுந்து மலைக்கு நடுவே போகிற பாதை. அவள் கம்பளியைத் தலையில் போட்டிருந்தாள். துரைசானியின் துணி குழந்தையின் கண்ணுக்கு மேல் இருந்தது. மேகம் வந்தது. அம்மா போய்விட்டாள். மேகம் விலகியபோது பாதை மட்டும் இருந்தது. எல்ல வழியாகப் பண்டாரவளை போய், அங்கிருந்து அப்புத்தளைக்கு ஏற வேண்டும் என்று சொன்னார்கள். எனக்கு அந்த ஊர்ப் பேர்கள் எல்லாம் மேகத்துக்கு உள்ளே இருக்கிற அறைகள் மாதிரி இருந்தன.

அப்பா போகவில்லை. என்னையும் விடவில்லை. அவர் அந்தச் சொல்லை நம்பினார். "சல்லடைக்கு ஆளு பேரு தெரியாதுடி" என்றார் என்னிடம். அம்மாவைத் தப்பாக நினைத்து அல்ல. தன் பிள்ளை மட்டமான தரமாக விழுந்துவிட்டது, அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்தார். அதன் பிறகு அவர் வாசலில் முகம் கழுவுவதை நிறுத்திவிட்டார்.

இனி வருவதைக் கிளாக்கரின் மகன் கவனமாகப் படிக்கட்டும்.

அம்மா போய்க் கொஞ்ச நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வரிசை முன்பு போல இல்லை, ஆனாலும் இருந்தது. நான் பங்களா வேலியோரம் நின்றிருந்தேன். பெரிய கிளாக்கர் ஏதோ அலுவலாக வந்தார், மகனையும் அழைத்து வந்தார். அந்தப் பையனுக்கு ஒரு கண் நம்மைப் போலக் கறுப்பு. மற்றது தேன் நிறம், பூனைக்கண் மாதிரி. நம் எல்லோருக்கும் அது தெரியும். அவன் அம்மாவைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் அது பாவம். கிளாக்கர் பெண்சாதி என்பதால் அந்தப் பாவம் யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

துரைசானி அன்றுதான் அவனைக் கிட்டத்தில் பார்த்தாள். மோவாயைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இந்தக் கண், அந்தக் கண் என்று மாறி மாறிப் பார்த்தாள். சொன்னாள், "ஆட்."

பள்ளத்துக்குப் போகப் போகிறான் என்று நினைத்தேன். கிளாக்கர் முகம் இருளும், குடையை மடக்குவார், மறுநாள் துண்டு கிடைக்கும், தாயும் பிள்ளையும் மேகத்துக்குள் போவார்கள் என்று காத்திருந்தேன். கிளாக்கர் சிரித்தார். பல் தெரிய, மனசு நிறையச் சிரித்தார். தொப்பியைக் கழற்றி நன்றி சொன்னார். பையன் கேக் தின்றுகொண்டு தகப்பன் கையைப் பிடித்தபடி இறங்கிப் போனான். நான் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அவர்கள் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு நான் வளர்ந்து, அப்பா இறந்த பின்னால், அப்புத்தளையில் ஒரு பங்களாவில் ஆயாவாகச் சேர்ந்தேன். அங்கே இருந்த துரைசானி வேறு ஆள். அவள் வாயில் அதே சொற்கள் வந்தன. மழை நின்றால் ஆட் என்பாள். தன் புருஷனை ஆட் என்பாள், கொஞ்சிக்கொண்டு. ஒரு நாள் ஆர்க்கிட் பூ ஒன்று பூத்தது. அதைச் சுற்றி நின்று விருந்தாளிகள் ஒருவர் குவீர் என்றார், ஒருவர் கியூரியஸ் என்றார், துரைசானி ஆட் என்றாள், எக்ஸ்ட்ராடினரி என்றாள், எல்லாம் ஒரே மூச்சில், ஒரே பூவுக்கு. யாரும் யாரையும் மறுக்கவில்லை. நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். என் காலுக்குக் கீழே ஏணியும் இல்லை, தரையும் இல்லை. வழக்கத்தில் இல்லாதது என்கிற ஒன்றே ஒன்றைத்தான் அவர்கள் இத்தனை விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாள் முழுக்க இங்கிலீஷில் எழுதி இங்கிலீஷில் பேசிய பெரிய கிளாக்கருக்கு இது தெரியாமல் இருக்குமா?

அம்மா அப்போது உயிரோடு இல்லை. தங்கச்சி இருந்தாள். இன்றும் இருக்கிறாள். அதே அப்புத்தளை மேட்டில், வெயிலுக்குப் பயந்து கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு வாழ்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள். பங்களாக்கார அம்மா தன்னைக் கையில் எடுத்துப் பார்த்து, இருப்பதிலேயே மட்டம் என்று தீர்ப்புச் சொன்னதால்தான் தன் தாய் தெருவுக்கு வந்தாள் என்று அவள் நம்புகிறாள். சின்ன வயதில் யாரோ சொல்லிவிட்டார்கள். நான் ஆர்க்கிட் பூவைப் பற்றிச் சொன்னேன். கேக்கைப் பற்றி, கழுத்துத் துணியைப் பற்றி, கண்ணீரைப் பற்றிச் சொன்னேன். "நீ அக்கா, நீ அப்படித்தான் சொல்லுவ" என்கிறாள்.

கிளாக்கர் மகனின் கட்டுரை அவள் காதுக்கும் போயிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் வாசித்துக் காட்டினாளாம். போன வாரம் நான் போனபோது தங்கச்சி சொன்னாள்: "பாத்தியாக்கா, அர்த்தம் தெரிஞ்சவங்க யாருமே அங்க இல்லையாம். அப்புறம் நீ சொல்றத நான் எப்படி நம்புறது? கிளாக்கரையா வீட்டு வாயில இருந்து வரட்டும், நம்புறேன்."

அதனால் கேட்கிறேன். பெரிய கிளாக்கரின் மகனே, அந்த மாலை குடைக்குக் கீழே நின்றது நீங்கள். பங்களாப் படியில் அதே சொல்லைக் கேட்டு உங்கள் தகப்பனார் சிரித்ததைப் பார்த்தவரும் நீங்கள்தான். அது உங்கள் கண்ணைப் பற்றிச் சொன்ன சொல். அந்தச் சொற்கள் எல்லாம் ஒன்றுதான் என்று உங்கள் தகப்பனாருக்குத் தெரியுமா, தெரியாதா? எனக்குக் கடிதம் போட வேண்டாம். வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சமாதானம் பேச வேண்டாம். எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதினீர்கள், அதே இடத்தில், அடுத்த இதழில், உங்கள் பேரைப் போட்டுப் பதில் எழுதுங்கள். தெரியும் என்று எழுதுங்கள், அல்லது தெரியாது என்று எழுதுங்கள். தங்கச்சிக்கு வாசித்துக் காட்ட ஆள் இருக்கிறது.